பசியடங்குதலும் பசியை அடக்குதலும்

தமிழில் அடங்குதல் தன்வினை, அடக்குதல் பிறவினை. பசி அடங்கியது என்று சொல்லும்போது அங்கே செய்பவர் எவரும் இல்லை. மழை ஓய்வது போல அது தானே நிகழ்கிறது. பசியை அடக்கினார் என்று சொல்லும்போதோ ஒருவர் எதிரே வந்து நிற்கிறார். அவருக்கு ஒரு மனவுறுதி இருக்கிறது. அவ்வுறுதியின் பயனும் அவரையே சாரும் என்று கொள்கிறோம். தசலட்சண நாட்களில் உண்ணாநோன்பு நோற்றவரை ஆலயத்தில் முன்னிறுத்திச் சிறப்பிக்கும்போது, நாம் போற்றுவது இந்தப் பிறவினையைத்தான். அது உண்மையில் எத்தனை பேரிடம் பிறவினை, எத்தனை பேரிடம் வெறும் தன்வினை என்னும் வினாவை இதுகாறும் நாம் அதிகமாக எழுப்பியதில்லை. உடலியல் ஆராய்ச்சியாளர் சென்ற முப்பது ஆண்டுகளில் கண்டறிந்த சில செய்திகள் அவ்வினாவை நம் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கின்றன.

கசப்புச் சுவையை நாம் அறிவது நாவில் உள்ள சுவையரும்புகளால். அவ்வரும்புகளின் உயிரணுக்களில் கசப்பை ஏற்கும் புரதங்கள் உள்ளன. இவற்றை ஏற்பிகள் என்போம். மனித உடலில் இவை ஏறத்தாழ 25 வகைப்படும். இனிப்புக்கு ஒரு கூட்டு ஏற்பி போதுமாயிருக்க, கசப்புக்கு மட்டும் இத்தனை வகை ஏன் என்பது எண்ணத்தக்கது. செடிகொடிகள் தம்மைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் நச்சுப் பொருள்களுட் பல கசப்பானவை. எட்டிக்கொட்டையின் நஞ்சும் கசக்கும். சிங்கோனா மரப்பட்டையின் கொயினாவும் கசக்கும். நஞ்சு பலவாதலின் அதைக் காட்டிக்கொடுக்கும் காவலரும் பலராயினர். பிறந்த சில மணி நேரமே ஆன குழந்தையின் நாவில் கசப்புத் துளி பட்டால் அது முகம் சுளிக்கிறது. அதற்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்த ஏற்பிகளின் குடும்பம் அடையாளம் காணப்பட்டது 2000 ஆம் ஆண்டில். அதற்கு முன்பே, 1992 இல், சுவைச் செய்தியை உயிரணுவின் உள்ளே கடத்தும் கஸ்ட்டூசின் என்னும் புரதம் அறியப்பட்டிருந்தது. நாவுக்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட அப்புரதம் 1996 இல் இரைப்பையின் சுவரிலும் குடலின் சுவரிலும் காணப்பட்டது. 2002 இல் கசப்பு ஏற்பிகளே எலி இனங்களின் இரைப்பையிலும் குடலிலும் இருப்பது தெரிந்தது. பின்னர் அவை நுரையீரலிலும் காணப்பட்டன. 2009 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மூச்சுக் குழலின் உட்புறத்து நுண்மயிர்களில் இவ்வேற்பிகள் உள்ளன. கசப்புப் பொருள் பட்டால் அம்மயிர்கள் விரைந்து அசைந்து அழுக்கை வெளியே தள்ளுகின்றன. மூச்சுக் குழலைச் சூழ்ந்த தசையும் கசப்பு பட்டால் தளர்ந்து விரிகிறது என்று 2010 இல் தெரியவந்தது. நாவு இல்லாத இடத்திலும் கசப்புக்கு ஒரு காவல் இருக்கிறது.

நம் பொருளுக்கு வேண்டியது இரைப்பையும் குடலும். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது. 1999 இல் ஜப்பானிய அறிஞர்கள் அதைக் கண்டறிந்தனர். வயிறு ஒழிந்திருக்கையில் அது மிகும், உண்டபின் குறையும். உண்டது போதும் என்று மூளைக்கு அறிவிக்கும் வேறு ஹார்மோன்கள் குடலில் சுரக்கின்றன. 2011 இல் பெல்ஜிய நாட்டு லூவென் பல்கலைக்கழகத்தார் எலிகளின் இரைப்பையில் கசப்புப் பொருள்களை நேரே செலுத்திப் பார்த்தனர். கிரெலின் மிகுந்தது, முதல் அரை மணி நேரம் அவை வழக்கத்தினும் மிகுதியாக உண்டன, அதற்குப் பின் நான்கு மணி நேரம் குறைவாக உண்டன, இரைப்பை காலியாவதும் தாமதப்பட்டது. சுண்டை வற்றலும் வேப்பம்பூவும் பசியைத் தூண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதும், ஐரோப்பியர் உணவுக்கு முன் கசப்பு வேர்ச் சாற்றை அருந்துவதும், கசப்பு பசியைக் கொல்லும் என்று வேறு சிலர் சொல்வதும் ஒரே பொருளின் இரு காலங்களைப் பற்றியவையாக இருக்கலாம். ஆயினும் எல்லாக் கசப்பும் ஒரே வகையாக வேலை செய்வதில்லை. மனிதரிடம் செய்த சோதனைகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

இவ்வறிவின் பெரும்பகுதி எலிகளின் உடலை வருத்திப் பெற்றது என்பதை ஈண்டுச் சொல்லாமல் விடுவது நமக்கு அழகன்று. நாம் அச்சோதனைகளை ஏவவில்லை. ஆனால் அவற்றின் பயனை எடுத்துப் பேசுகிறோம். இந்த இக்கட்டு தனிக் கட்டுரைக்கு உரியது.

மனிதரிடம் செய்யப்பட்டவற்றுள் ஒன்று நம் கவனத்துக்குச் சிறப்பாக உரியது. 2019 இல் நியூசிலாந்து நாட்டில் சில ஆடவர் 24 மணி நேரம் தண்ணீர் மட்டும் அருந்தி நோன்பிருந்தனர். நோன்பின் பிற்பகுதியில் அவர்களுக்கு ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவின் சாறு அடங்கிய கேப்சூல் தரப்பட்டது. கசப்பு நாவில் படவில்லை. விழுங்கிய பின்பே உள்ளே கரைந்தது. சாறில்லாப் போலிக் கேப்சூல் பெற்ற வேளையை விட அதைப் பெற்ற வேளையில் அவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது. (இந்த ஹாப்ஸ் பூ பீர் என்னும் மதுவுக்குக் கசப்பூட்டுவதற்காகவே உலகெங்கும் பயிராவது. மதுவுக்குத் துணை நின்ற பூ நோன்புக்குத் துணை நிற்க வந்தது விந்தையே.)

நாம் நோற்கும் நோன்புக்கும் அச்சோதனைக்கும் புறத்தோற்றத்தில் வேறுபாடு அதிகமில்லை. உணவு இல்லை, ஒரு பகலும் ஓர் இரவும் கழிகின்றன, பசி வருகிறது. அங்கே ஒரு கேப்சூல் பசியைக் குறைத்தது. அதை விழுங்கி நோற்ற நோன்பு நோன்பாகுமா? ஆகாது என்று உடனே சொல்லத் தோன்றும். ஏன் ஆகாது என்று கேட்டால் விடை அத்தனை விரைவில் வருவதில்லை. கேப்சூல் இல்லாமலேயே சிலருடைய குடல் அவர்களுக்கு இந்த உதவியைச் செய்துவருகிறது. பிறப்பிலேயே பசி குறைந்த உடல் வாய்த்தவர் பத்து நாள் நோற்பதும், கொடும்பசி உள்ளவர் ஒரு வேளை விடுவதும் எந்தத் தராசில் ஒன்றாகும்?

முதலில் ஒரு சிறு ஐயத்தை நீக்கிக்கொள்வோம். குடல் கசப்பை அறிகிறது என்றால், இரசனேந்திரியம் நாவோடு நில்லாமல் உடலுக்குள்ளும் விரிந்திருக்கிறதா? சுவைப் பொறியைப் பிறை வடிவினது என்று கூறிய பழைய நூல்கள் தவறினவா? நாம் அவ்வாறு கருதவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் பொறியைத் திரவியேந்திரியம், பாவேந்திரியம் என இரண்டாகப் பகுக்கிறது. முன்னது உடலில் அமைந்த கருவி. பின்னது உயிரின் அறியும் ஆற்றலும், அவ்வாற்றல் ஒரு பொருளின்பால் திரும்புதலாகிய உபயோகமும் ஆகும். குடலில் உள்ள ஏற்பியில் கருவி போன்றதொன்று இருக்கிறது, உபயோகம் இல்லை. பாகற்காய் குடலை அடையும்போது 'கசக்கிறது' என்று நம்முள் எவரும் அறிவதில்லை. பூட்டில் சாவி நுழைந்தது, கதவு திறந்தது, வீட்டுக்காரர் உறங்கிக்கொண்டிருந்தார். ஆகவே அதைச் சுவை என்பதே உபசார வழக்கு. ஆராய்ச்சியாளர் தம் வசதிக்காகச் 'சுவை ஏற்பி' என்று பெயரிட்டனர். நாவில் முதலில் கண்டதால் அப்பெயர் நிலைத்தது. குடலில் முதலில் கண்டிருந்தால் நச்சுக் காவலன் என்று பெயரிட்டிருப்பர், இவ்வையமும் எழுந்திராது.

ஆனால் இந்த விடையே அடுத்த வினாவைக் கடினமாக்குகிறது. நாம் அறியாமலே குடல் முடிவு செய்கிறது. அம்முடிவு 'போதும்' என்னும் எண்ணமாக நம் மனத்தில் வந்து தோன்றுகிறது. நாம் அதை நம் எண்ணம் என்று ஏற்கிறோம். இலையில் மீதம் வைத்து எழுந்தவர் தம்மைக் கட்டுப்பாடு உடையவர் என்று மதிக்கிறார். எழுப்பியது அவர் குடலாக இருக்கலாம்.

பத்தாம் நூற்றாண்டினரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, கோம்மடசாரத்தின் சீவகாண்டத்தில், ஆகார சஞ்ஞை எனப்படும் உணவு வேட்கைக்கு நான்கு காரணங்களைக் கூறுகிறார். உணவைக் காணுதல், உணவின்மேல் உபயோகத்தைச் செலுத்துதல், அதாவது அதையே நினைத்திருத்தல், வயிறு ஒழிந்திருத்தல், அசாதா வேதநீய கருமம் எழுதல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்பகுப்பை இன்றைய உடலியலோடு பொருத்தி, 'எல்லாம் நம் நூல்களில் முன்பே இருக்கிறது' என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் நம் இதழ்களில் வேண்டிய மட்டும் வந்துவிட்டன. கிரெலினை நேமிசந்திரர் கூறவில்லை. அவர் செய்தது வேறு: வேட்கை என்பது ஒரே பொருள் அன்று, நான்கு வாயில் வழியாக வருவது என்று பிரித்தறிந்தார். அப்பிரிவு நமக்கு இன்று பயன்படுகிறது.

ஹாப்ஸ் கேப்சூல் எந்த வாயிலை அடைக்கிறது? மூன்றாவதை. ஒழிந்த வயிற்றிலிருந்து எழும் அழைப்பைக் குறைக்கிறது. அதனால் நான்காவதாகிய துன்பமும் ஓரளவு தணியலாம். காணுதலும் நினைத்தலும் அப்படியே இருக்கின்றன. பசியில்லாத வேளையிலும் பண்டிகைப் பலகாரத்தைக் கண்டு கை நீள்வது யாவரும் அறிந்ததே. வயிறு அதைக் கேட்கவில்லை. தவத்தின் களம் பெரும்பாலும் முதலிரண்டு வாயில்களில்தான் இருக்கிறது என்றால், குடலின் உதவி பெற்றவரும் பெறாதவரும் அங்கே ஏறக்குறைய சமமாகவே நிற்கின்றனர்.

எனினும் மூன்றாவதையும் நான்காவதையும் எளிதில் தள்ளிவிட இயலாது. துறவிகள் வெல்ல வேண்டிய 22 பரீஷகங்களுள் முதலாவது பசி. அதை வெல்லுதல் என்பது பசி இல்லாமற் போவதன்று. பசி இருக்கையில் கலங்காதிருப்பது. பசியே தோன்றாதவருக்கு அந்நாளில் அந்தப் பரீஷகம் நேரவில்லை. நேராத ஒன்றை அவர் வென்றார் என்று சொல்வதற்கில்லை. இங்கே கேப்சூல் நோன்பைக் கெடுப்பது அது உணவாவதால் மட்டுமன்று. நோன்பில் பொறுக்க வேண்டிய பொருளையே அது எடுத்துவிடுகிறது. இதே அளவுகோலால் பார்த்தால், இயல்பிலேயே பசி குறைந்தவரின் பத்து நாள் நோன்பில் பசி வெல்லும் பகுதி சிறிது. அவர் நோன்பு பயனற்றது என்பதன்று. காணுதலையும் நினைத்தலையும் அவர் காத்திருப்பாராயின் அவ்வளவில் அது தவமே. ஆனால் நாட்களை எண்ணி அதை அளக்க முடியாது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கட்டுரை எளிதாக முடியும். ஆனால் ஒரு தடை இருக்கிறது. அது வலிய தடை. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் செமக்ளூடைடு என்னும் மருந்து, முதலில் நீரிழிவுக்கு வந்து, 2021 இல் அமெரிக்காவில் உடல் எடையைக் குறைப்பதற்கும் அனுமதி பெற்றது. இப்போது நம் நாட்டிலும் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் பலர் பசி குறைந்தது என்று மட்டும் சொல்வதில்லை. நாள் முழுவதும் உணவைப் பற்றியே ஓடிக்கொண்டிருந்த நினைப்பு ஓய்ந்துவிட்டது என்கின்றனர். அதாவது இரண்டாம் வாயிலும் அடைபடுகிறது. நினைத்தலே தவத்தின் களம் என்று நாம் இப்போதுதான் சொன்னோம்; வாரம் ஒரு முறை போடும் ஊசி அக்களத்தையும் அமைதியாக்கிவிடுகிறது. அப்படியானால் இச்சையை அடக்கியவருக்கும் ஊசி போட்டுக்கொண்டவருக்கும் என்ன வேறுபாடு?

உபசமம், க்ஷயம் என்னும் இரண்டை நம் ஆசாரியர்கள் பிரித்துக் காட்டியது இவ்விடத்தில் துணை செய்கிறது. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டால் சேறு அடியிற் படியும். மேலே நீர் தெளிந்து நிற்கும். இது உபசமம். குடத்தை அசைத்தால் மீண்டும் கலங்கும். தெளிந்த நீரை வேறு பாண்டத்தில் வடித்துக்கொண்டால், அசைத்தாலும் கலங்காது; அது க்ஷயம். ஊசியினால் வருவதைக் கருமத்தின் உபசமம் என்று நாம் சொல்லவில்லை. அது உடலளவில் நிகழ்வது. உவமை மட்டுமே பொருந்துகிறது. 2022 இல் வெளியான ஒரு தொடர் ஆய்வில், செமக்ளூடைடை நிறுத்திய ஓராண்டுக்குள் நோயாளிகள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டும் ஏறியது. சேறு அடியிலேயே இருந்தது.

ஆனால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டா. நோன்பு முடிந்த மறுவாரம் நம் வீடுகளில் நடப்பது என்ன? பத்து நாள் ஒடுங்கியிருந்த நாவு பதினோராம் நாள் இரட்டிப்பாகக் கேட்பதில்லையா? நம்முடைய நோன்புகளிலும் பெரும்பாலானவை தேற்றாங்கொட்டையே. ஊசி போட்டவரைப் பார்த்து 'மருந்தால் வந்த அடக்கம்' என்று நகைக்கும் உரிமை, பாண்டம் மாற்றி வடித்தவருக்கே உண்டு. அவரோ நகைக்க மாட்டார்.

இவ்விடத்தில் நம் சமூகத்தின் ஒரு வழக்கத்தை வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. நீரிழிவுக்கு மருந்து உண்ணும் தாய்மார் சிலர், நோன்பு நாட்களில் உண்ண நேர்வதற்காக வெட்கி, அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் உண்கின்றனர். பருத்த உடல் உடையவரை 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று அவர் காது கேட்கவே சொல்கின்றனர். இச்சொல் வாக்கினால் செய்யும் இம்சை. அது உண்மையும் அன்று. ஒருவர் நாவில் கசக்கும் பொருள் மற்றொருவர் நாவில் சுவையற்றிருக்கலாம் என்று 1931 இல் அமெரிக்க வேதியியலார் ஒருவர் தற்செயலாகக் கண்டார். தூள் ஒன்று காற்றில் பறந்தபோது உடனிருந்தவர் கசக்கிறது என்றார், அவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. அதற்குக் காரணமான மரபணு 2003 இல் அறியப்பட்டது. அது கசப்பு ஏற்பிகளுள் ஒன்றற்கு உரியது. நாவிலேயே இத்தனை வேற்றுமை என்றால், வயிறுகள் எல்லாம் ஒன்றுபோல் பசிக்கும் என்று எவ்வாறு கொள்வது? பிறருடைய வயிற்றில் நாம் புகுந்து பார்த்ததில்லை.

மறுபுறம், சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் எண்ணும் எட்டு மதங்களுள் தவத்தால் வரும் செருக்கும் ஒன்று, உடலால் வரும் செருக்கும் ஒன்று. உண்ணாதிருத்தல் எளிதாக வாய்த்த உடலை உடையவர் அதைத் தம் தவம் என்று எண்ணுவாராயின், ஒரே நேரத்தில் இரண்டு மதங்களுக்கும் இடம் கொடுத்தவராகிறார். உடற்செருக்கு தவச்செருக்கின் ஆடையை உடுத்து வருகிறது. பாராட்டு விழாக்களில் நாட்கணக்கை உரக்கப் படிக்கும் நாம் இதற்கு உடந்தை. அக்கணக்கைப் படிப்பதை நிறுத்தினால் நோன்பு குறைந்துவிடுமென்று சிலர் அஞ்சலாம். குறையட்டும், குறைவது எது என்பது அப்போது தெரியும்.

கசப்பைப் பற்றித் தொடங்கினோம்; அதைப் பற்றி இன்னும் ஒன்று. ஆறு புறத்தவங்களுள் நான்காவதான இரச பரித்தியாகத்தில் பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு ஆகியவற்றை விடுவது வழக்கம். ஐஞ்சுவைகளையும் விடத்தக்கவையாகக் கூறும் இடமும் ஆசார நூல்களில் உண்டு. அங்கே கசப்பும் அடங்கும். எவரும் விரும்பாத கசப்பை எதற்காக விட வேண்டும் என்று படிப்பவருக்குத் தோன்றலாம். காலையில் காப்பி கிடைக்காமல் தலைவலியும் சினமும் கொள்ளும் இல்லங்களைக் கண்டவருக்கு அவ்வையம் எழாது. காப்பியின் கசப்பைக் குழந்தை துப்புகிறது. இருபது வயதில் அதுவே இல்லாமல் முடியாதென்று ஆகிறது. நாவின் காவலன் கத்திக்கொண்டேயிருக்க, உபயோகம் அவன் சொல்லைக் கேளாமல் பழகிவிடுகிறது. உடல் வேண்டா என்றதை வேண்டும் என்று ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் நமக்கு இருப்பதை இது காட்டுகிறது. எனவே எல்லாவற்றையும் குடலே முடிவு செய்கிறது, நாம் செய்வது எதுவுமில்லை என்று கைவிரிப்பவரின் வாதமும் முழுமையானதன்று. காப்பி பழகியவர் எவரும் குடலின் விருப்பப்படி பழகவில்லை. பழகிய வழியே திரும்பி வரவும் இயலும்; சுவை துறத்தலின் நடைமுறை அதுவே.

நோன்புக்கு முந்தைய நாள் ஒருவேளை உணவில் பாகற்காயும் வெந்தயமும் மிகுதியாகச் சேர்த்துக்கொண்டால் மறுநாள் பசி குறையும் என்று சிலர் செய்துவருகின்றனர். இது தவறாகுமா என்று அன்பர்கள் கேட்பதுண்டு. நோன்பு தொடங்குமுன் முறைப்படி உண்ணும் உணவில் எது இருந்தாலும் அது நோன்பைத் தொடாது. உச்சி வெயிலில் நடக்கப் போகிறவர் விடியலில் நீர் பருகுவதைப் போன்றது அது. மறுநாள் பசி குறைந்தால், இன்று பரீஷகம் சிறிது என்று அறிந்துகொண்டு, அந்நேரத்தைச் சுவாத்தியாயத்தில் செலுத்தலாம். குறையாவிட்டால் அதையும் அறிந்துகொள்ளலாம். நோன்பு நாளிலேயே பசியைக் கொல்லும் கேப்சூலை விழுங்குவது வேறு. அது உபவாசமன்று. மருத்துவர் கட்டளைப்படி வேளைக்கு மருந்தும் உணவும் கொள்ள வேண்டியவருக்கோ அன்றைய நாள் அவமோதரியத்துக்கு உரியது. பகலில், அளவறிந்து, ஒரு கவளம் குறைத்து, எவருக்கும் ஒளிக்காமல் உண்ணலாம். அதுவும் ஆறு புறத்தவங்களுள் ஒன்று, வரிசையில் இரண்டாவது.